பொது நிர்வாகப் பாடத்திட்டம்: எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது?

வகுப்பறைவாசி கேட்டது:

முதுகலைப் பொது நிர்வாகம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவில் இந்த முறை என்னையும் போட்டிருக்கிறார்கள். ஒருவர் செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு தாள் வேண்டும் என்கிறார், இன்னொருவர் பருவநிலை மாற்றம், மூன்றாமவர் பேரிடர் மேலாண்மை. எல்லாம் தேவைதான், ஆனால் இருப்பதில் எதை எடுப்பது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நிர்வாகத்தைத் தனிப் படிப்பாக்க வேண்டும் என்று 1887இல் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையில் தொடங்கி வெபர், குலிக், சைமன் ஆகியோரின் கோட்பாடுகள், இந்தத் துறையின் போக்கை விவாதித்த 1968 மின்னோபுரூக் மாநாடு, அரசையும் நிறுவனம் போல நடத்தலாம் என்ற புதிய பொது மேலாண்மை என்று வரிசையாக வந்து முடிக்கவே நேரம் சரியாகிவிடுகிறது. திட்டமிடல், வரவுசெலவு என்று குலிக் சொன்ன ஏழு நிர்வாகப் பணிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாணவர்கள் ஒப்பிப்பார்கள். ஒரு மனுவைக் கையில் கொடுத்து, இதற்கு என்ன உத்தரவு போடுவீர்கள் என்றால் விழிக்கிறார்கள். நீங்களாக இருந்தால் எதில் கை வைப்பீர்கள்?

பழையகோப்பு:

கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் டெண்டர். இன்று மென்பொருளிலிருந்து குப்பை அள்ளுவது வரை எத்தனையோ சேவைகள் ஒப்பந்ததாரர் கையில் இருக்கின்றன, ஆனால் புதிதாக வருகிறவர்களில் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ‘கணினி அமைப்பை உரிய முறையில் பராமரிக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் எவ்வளவு பிடித்தம், ஒப்பந்தம் முடிந்தால் தரவை எந்த வடிவத்தில் திருப்பித் தர வேண்டும் என்று ஒன்றுமே இருக்காது. அப்புறம் நிறுவனத்தை மாற்ற நினைத்தால் நம்முடைய தரவையே காசு கொடுத்து வாங்கும் நிலைமை. செயற்கை நுண்ணறிவுத் தாள் கேட்பவரிடம் சொல்லுங்கள், உங்கள் மாணவர்கள் அதை உருவாக்கப் போவதில்லை, விலைக்கு வாங்கப் போகிறார்கள். இன்னொன்று, மேலதிகாரியின் முடிவுக்காகக் கோப்பில் குறிப்பு எழுதுவது. பிரச்சினை, விதி, செலவு, மாற்று வழி, பரிந்துரை, எல்லாம் ஒரே பக்கத்தில். வாராவாரம் எழுத வைத்துத் திருத்திக் கொடுங்கள். இதற்கு இடம் வேண்டுமென்றால் கோட்பாட்டுத் தாள்கள் இரண்டை ஒன்றாக்கிவிடலாம்.

எதிர்க்குறிப்பு:

டெண்டர் சரி. கோட்பாட்டைக் குறைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அரசு உதவித்தொகையை அதிகமாக வாங்கிவிட்டார்கள் என்று கணினிக் கணக்கை வைத்து மக்களிடம் பணம் திருப்பிக் கேட்ட ஆஸ்திரேலியாவின் ரோபோடெப்ட் விவகாரத்தைப் பாருங்கள். உதவித்தொகை பெறுபவர்கள் தங்கள் வருமானத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெரிவித்தார்கள். கணினியோ வரித்துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை 26ஆல் வகுத்து, அதோடு ஒப்பிட்டுக் கடன் கணக்குப் போட்டது. ஒருவர் அரை ஆண்டு வேலை பார்த்து 26,000 சம்பாதித்தார், மீதி அரை ஆண்டு வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கினார் என்று வையுங்கள். கணினியின் கண்ணில் அவர் ஆண்டு முழுவதும் இரண்டு வாரத்துக்கு 1,000 சம்பாதித்தவர், ஆகவே வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியவர். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். வகுத்தல் கணக்கில் பிழையே கிடையாது, அந்தக் கணக்கை அங்கே போடச் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் விஷயம், அதைச் சொன்னவர்களின் பேச்சும் எடுபடவில்லை. விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது 2023இல். நெதர்லாந்திலும் குழந்தைப் பராமரிப்பு உதவியில் படிவத்தில் ஒரு சின்னக் குறை இருந்ததற்காகக்கூட முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள், 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

இங்கே டெண்டர் அறிவு மட்டும் உதவியிருக்காது. யாருக்குப் பொறுப்பு, கடைநிலை அலுவலருக்கு எவ்வளவு விருப்புரிமை, அதாவது தானே முடிவெடுக்கும் இடம், மேலிடத்துக்கு ‘இது சட்டப்படி நிற்காது’ என்று எழுத்தில் சொல்வது எப்படி, இதெல்லாம் கோட்பாடுதானே? நேரடியாக மக்களைச் சந்திக்கும் ஊழியர் எடுக்கும் முடிவுதான் நடைமுறையில் கொள்கையாகிறது என்று மைக்கேல் லிப்ஸ்கி 1980இலேயே சொல்லிவிட்டார். அந்த ஊழியர் உட்கார்ந்த இடத்தில் மென்பொருள் வந்தால் என்ன ஆகிறது என்று வகுப்பில் கேளுங்கள், புதுத் தாளே தேவைப்படாது.

இரண்டாமாண்டு:

படிக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. களப்பயிற்சி என்று அனுப்புகிறார்கள், அங்கே கோப்புக்கு எண் போடுவதும் நகல் எடுப்பதும்தான் வேலை. நான் கற்றுக்கொண்டது சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில்தான். அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு சான்று கொடுக்கிறார்கள், அதையே கீழே இன்னொரு மேசையில் நகலெடுத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். மக்கள் படியேறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கல்லூரிக்குத் திரும்பினால் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, வருகைச் சான்றும் அறிக்கையும் மட்டும் கேட்டார்கள். ஒரு படிவத்தை எடுத்து, ஒவ்வொரு கட்டமும் எந்த விதிப்படி கேட்கப்படுகிறது, எதை எடுத்துவிடலாம் என்று எழுதச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வகுப்பறைவாசி:

அந்தப் படிவ வேலையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எதிர்க்குறிப்பு சொன்ன இரண்டு வழக்குகளையும் கோட்பாட்டுத் தாளுக்குள்ளேயே வைத்துவிடலாம், வில்சனையும் வெபரையும் அவற்றின் வழியாகவே நடத்தலாம். சிக்கல் தேர்வுதான். ‘குறிப்பு வரைக’ என்று கேட்டுப் பழகிய வினாத்தாளில் இதை எப்படி மதிப்பிடுவது?

பழையகோப்பு:

விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு மனு, இரண்டு பக்கம் பழைய கடிதப் போக்குவரத்து, இரண்டு மணி நேரம். உத்தரவின் வரைவும், மனுதாரருக்குப் புரியும்படி ஒரு கடிதமும் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதி அந்தக் கடிதத்துக்கு.