மூன்று நாள் கழித்துத்தான் விசாரித்தேன், இது பேர்ன்அவுட்டா?

மலைமழை:
இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக மெடிக்கல் ஒபிசர். இரண்டு பேர் பார்த்த இடம் இது. மற்றவர் 2022 பொருளாதார நெருக்கடி நேரம் அரசாங்கம் கொடுத்த ஐந்து வருட சம்பளமில்லா லீவைப் போட்டுவிட்டு வெளிநாடு போனார், பதிலுக்கு ஆள் வரவில்லை. அதனால் நான் குவாட்டர்ஸில் இருக்கும் எல்லா இரவும் ஒன்கோல்தான், கூப்பிட்டால் ஓட வேண்டும்.

போன மாதம் குளவி கொட்டி ஒன்பது பெண்களை லொறியில் கொண்டுவந்தார்கள், தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன கையோடு. ஒரு அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. அட்ரினலின் போட்டு, ஒட்சிசன் கொடுத்து, நுவரெலியாவுக்கு ஏற்றிவிட்டேன். முன்பென்றால் அன்றிரவே போன் எடுத்து விசாரித்திருப்பேன். இந்த முறை மூன்று நாள் கழித்து, அதுவும் நர்ஸ் மிஸ்ஸி ஞாபகப்படுத்தித்தான் கேட்டேன். பிழைத்துவிட்டாராம். சந்தோஷமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. களைப்பு என்றால் தூங்கினால் போகும்தானே. எனக்கே ஏதும் நோயா, இல்லை டிரான்ஸ்பர் கேட்கிற நேரமா?

பதுளைப் பழசு:
தம்பி, நானும் அந்த வழியால் வந்தவன். பேர்ன்அவுட்டை, அதாவது வேலையால் மனம் எரிந்து தீர்ந்துபோவதை, அளக்க கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் 1981இல் கொண்டுவந்த 22 கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அது மூன்று விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்கும்: மனம் வற்றிப்போவது, நோயாளியை ஆளாகப் பார்க்காமல் 'ஏழாம் கட்டில்' என்று பார்ப்பது, நான் செய்வதில் பிரயோசனமில்லை என்ற நினைப்பு. நீங்கள் சொல்வது இரண்டாவது. எனக்கு அதுதான் முதலில் வந்தது, களைப்பு பிறகுதான் தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பேர்ன்அவுட்டை வேலையோடு சேர்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று அல்ல. அதனால் யாராவது தியானம் செய்யுங்கள் என்றால் சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே ஆள் எல்லா இரவும் ஒன்கோல் இருந்தால் எந்தத் தியானம் என்ன செய்யும்? தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, சாகலாம் போல இருக்கிறது என்ற நிலை என்றால் அது வேறு கதை. உடனே ஒரு மனநல டொக்டரைப் பாருங்கள், டொக்டர்கள் நாம்தான் அப்படிப் போய்ப் பார்ப்பதில் கடைசி ஆட்கள்.

லயத்து மகள்:
நான் டொக்டர் இல்லை, டீச்சர். அம்மா கொழுந்து எடுக்கிறவர். ஒரு தடவை தமிழ் தெரியாத டொக்டரிடம் போய் 'கிறுகிறுப்பு' என்றார், கூட நின்றவர் அதைத் தலைவலி என்று மொழிபெயர்த்துவிட்டார். பெனடோல் கொடுத்து அனுப்பினார்கள். உண்மையில் பிரஷர். அன்றைக்கு அரைப்பேரும், அதாவது அரை நாள் சம்பளமும், போச்சு. அதனால் டொக்டர், போகாதீங்க என்றுதான் வாயில் வருகிறது. அது சுயநலம் என்றும் தெரியும்.

பழைய இன்டர்ன்:
அக்கா, அந்த 'போகாதீங்க' என்ற ஒரு வார்த்தையில்தான் நாங்கள் வருஷக்கணக்கில் மாட்டிக்கிடந்தோம்! கண்டியில் இன்டர்ன்ஷிப் முடித்தவன் நான், இப்போது இங்கிலாந்தில். இங்கே சட்டப்படி கிழமைக்குச் சராசரி 48 மணித்தியாலம், நேரம் முடிந்தால் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படியிருந்தும் இங்கேயும் சலித்துப்போகிறவர்கள் உண்டு. எனக்குத் தூக்கம் கிடைத்தது, ஆனால் நோயாளி வாய் திறந்த உடனே என்ன சொல்ல வருகிறார் என்று விளங்குகிற சுகம் போய்விட்டது. வேலையில் பிடிப்பு வேறு, களைப்பு வேறு. உங்களுக்குப் பிடிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது போலத்தான் தெரிகிறது அண்ணா, இல்லாவிட்டால் மூன்று நாள் தாமதத்தை எண்ணிக்கொண்டு இருக்கமாட்டீர்கள்.

மலைமழை:
எல்லாருக்கும் நன்றி. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதிவிட்டேன், பத்து நாள் லீவும் அதற்கு ஒரு ரிலீப் டொக்டரும் கேட்டு. ஆள் தராவிட்டால் இந்த முறை டிரான்ஸ்பருக்குப் போடுவேன், டீச்சர் கோபிக்க வேண்டாம். தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பச் சொல்லியும் அதிலேயே எழுதியிருக்கிறேன். ஓ.பி.டி.யில் கியூ வாசல் தாண்டிவிட்டது, பின்னேரம் வருகிறேன்.