ஒரு கோல், ஒழுங்கைக்குள்ள மூண்டு தரம்
(திருகோணமலையில ஐஞ்சு இடத்து ஆக்கள் எழுதினது)

திருக்கடலூர்:
சனி இரவு எட்டரைக்கு இங்கிலாந்து உதைபந்தாட்டம். லண்டனில பின்னேரம் மூண்டு மணி. அங்க இருக்கிறவைக்கு இதை டிவியில நேரடியாப் பாக்கேலாது. சனிக்கிழமை 2.45 இலிருந்து 5.15 வரைக்கும் பிரித்தானியாவில ஒளிபரப்புத் தடை. திருகோணமலைக்கு வந்தால்தான் பாக்கலாம்! பழைய ஒழுங்கை. மதிலெல்லாம் உயந்திட்டுது, கிணத்தடியைக் காணேல்லை. போன் திரையில எங்கட ஆள் இன்னும் த்ரோ போடப் பந்தைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறான், அதுக்குள்ள முன்வீட்டில "கோல்!". கொஞ்சத்தால மூலை வீடு. கடைசியாத்தான் போன். முழுசா முப்பது விநாடி, எந்தப் பக்கம் அடிச்சது எண்டே தெரியாது. முந்தி ஒழுங்கைக்கு ஒரு டிவி, ஒரு சத்தம்.

உவர்மலை:
முன்வீட்டில டிஷ், மூலை வீட்டில இணையப் பெட்டி, அவ்வளவுதான். செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில நிண்டாலும் சிக்னல் ஏறி இறங்கக் கால் விநாடிதான். போனுக்கு வாற படத்தைச் சில விநாடித் துண்டுகளா வெட்டி அனுப்புறாங்கள். பிளேயர் இரண்டு மூண்டு துண்டைச் சேத்து வச்சபிறகுதான் ஓட்டும். 20, 30, சிலநேரம் 40 விநாடி பிந்துறது அதாலதான். படத் தரத்தை 480க்கு இறக்கினால் டேட்டா மிச்சம், விக்கல் குறையும், பிந்தல் குறையாது. இடையில ஒருக்கா நிண்டு ஓடினால் அந்த நேரமும் பிந்தலோட சேரும். திரையில "நேரலை" (LIVE) எண்டு காட்டுற புள்ளியை அமத்தினால் கொஞ்சம் எட்டிப் பிடிக்கலாம்.

மனையாவெளி:
டிஷ்ஷைப் பெரிசாச் சொல்லுறியள். கார்த்திகை, மார்கழி மழைக்க பாத்தனீங்களோ? அந்த அலைவரிசையை மழைத்துளி உறிஞ்சும், பெருமழை விடுமட்டும் ஒண்டும் செய்யேலாது. ஆனா சும்மா தூறலுக்கே படம் கட்டம் கட்டமா உடையுதெண்டால் பிழை மழையில இல்லை, கடலுப்பில. எல்என்பியில (டிஷ்ஷுக்கு முன்னால நீட்டிக்கொண்டு நிண்டு சிக்னலை வாங்குற உறுப்பு) கேபிள் பூட்டுற கனெக்டரைக் கழட்டிப் பாருங்கோ, செப்புக் கம்பி பச்சை பிடிச்சிருக்கும். முதல்ல பெட்டியின்ர கரண்டை நிப்பாட்டுங்கோ. பச்சை போற இடம் வரைக்கும், எப்பிடியும் ஒரு சாண், வெட்டி எறியுங்கோ. புதுக் கனெக்டர் போடேக்க நடுக்கம்பி விளிம்புக்கு வெளிய 2, 3 மில்லிமீற்றர் நீட்டினால் போதும். கேபிளுக்குள்ள சுத்தியிருக்கிற கம்பிவலையின்ர ஒரு மயிரிழை அதில முட்டினாலும் படம் வராது. தன்னில தானே ஒட்டுற றப்பர் டேப்பை இழுத்து, கீழ இருந்து மேல, பாதிக்குப் பாதி ஏறச் சுத்துங்கோ. மேல இருந்து சுத்தினால் மடிப்புக்குள்ள தண்ணி இறங்கும். எல்என்பிக்குக் கீழ கேபிளை ஒரு வளையமாத் தொங்க விட்டால் தண்ணி அதில சொட்டிப் போயிடும். காத்துக்கு டிஷ் ஆடியிருந்தால் திரையில "வலு" எண்டு காட்டுறதை விட்டிட்டு "தரம்" எண்டதைப் பாத்துத் திருப்புங்கோ, ஏனெண்டால் பிழையான செய்மதியிலயும் வலு காட்டும். ஒரு பாகை பிசகினால் அங்க மேல 600 கிலோமீற்றருக்குக் கூட விலகல். நனைஞ்ச ஓட்டில மட்டும் ஏறவேண்டாம்.

உவர்மலை:
கேட்டது பிந்தலைப் பற்றி, கூரையைப் பற்றியில்லை.

பாலையூற்று:
பிந்தாத கோல் வேணுமெண்டால் ஏகாம்பரம் மைதானத்துக்குப் போங்கோ. நாலு மணிக்குப் பந்து உருண்டால் 45, இடைவேளை 15, பிறகு 45, ஐந்தே முக்கால் தாண்டும். கார்த்திகையில அந்த நேரம் சூரியன் விழுந்திடும். வெளிச்சம் இல்லாத மைதானத்தில மேலதிக 30 நிமிசத்துக்கு இடமில்லை, நேரா தண்ட உதைதான். அதனால மூண்டரைக்கே தொடங்கச் சொல்லவேணும். ஆனி ஆடியில வேற கதை. கச்சான்காத்து தரையில இருந்து கடலுக்கு அடிக்கும், உயத்தி அடிச்ச பந்து முன்னுக்கு நிக்கிறவனைத் தாண்டிப் போகும். நாணயச் சுழற்சியில வெண்டால் முதல் பாதிக்கே காத்தை முதுகில வாங்கவேணும், ஏனெண்டால் பொழுதுபடக் காத்துத் தணியும். பந்து 0.6 இலிருந்து 1.1 வளிமண்டல அழுத்தத்துக்குள்ள இருந்தால் சரி. காய்ஞ்ச கட்டாந்தரையில மேல் அளவுக்கு அடிச்சால் முயல் மாதிரித் துள்ளும், 0.7 காணும். வெய்யில்ல வச்சால் தானாக் கூடும், நிழலில வச்சு அளவுங்கோ.

லிங்கநகர்:
எட்டரை எண்டு எழுதினவருக்கு: அது ஒக்ரோபர் கடைசி ஞாயிறு தொடக்கம் மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும்தான். மற்ற மாதங்களில அதே மூண்டு மணி ஆட்டம் எங்களுக்கு ஏழரை. லண்டனில இரவு எட்டுக்கு நடக்கிற ஐரோப்பியக் கிண்ண ஆட்டம் குளிர்காலத்தில எங்களுக்கு விடியப்புறம் ஒண்டரை. அந்நேரம் முன்வீட்டுக்காரர் சத்தம் போடமாட்டார். மற்றது, போனில ஸ்கோர் செயலியின்ர அறிவித்தலை நிப்பாட்டி வையுங்கோ. போனில படம் வர முதல் அது வந்து விழும்.

திருக்கடலூர்:
அப்ப மூண்டில்லை, நாலு.