பாசிப்பயறு நாற்று இன்வர்டேஸ்: டயாலிசிஸ் முடிந்ததும் செயல்திறன் எங்கே போகிறது?

முளைப்பயறு:
இருட்டில் ஐந்து நாள் வளர்த்த பாசிப்பயறு நாற்றுகளிலிருந்து இன்வர்டேஸை, அதாவது சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும் நொதியை, பிரித்தெடுக்க முயல்கிறேன். அரைப்பது பிஎச் 7.2 பாஸ்பேட் பஃபரில். அதில் 10 மில்லிமோலார் மெர்காப்டோஎத்தனாலும் (புரதம் ஆக்சிஜனேற்றமடையாமல் காக்கும் ஒடுக்கி) 1 மில்லிமோலார் இடிடிஏவும் (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) உண்டு. சாற்றை அதே பஃபரில் சுக்ரோஸுடன் வைத்து, நெல்சன் முறையில் (சர்க்கரை தாமிரத்தை ஒடுக்குவதால் எழும் நிறத்தை வைத்து) ஒடுக்கும் சர்க்கரையை அளந்தால் நிறம் அள்ளுகிறது. அமோனியம் சல்பேட்டில் வீழ்படிவாக்கி, மெர்காப்டோஎத்தனால் இல்லாத அதே பஃபரில் இரவு முழுவதும் டயாலிசிஸ் செய்தால் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் வைத்தால்), மிஞ்சுவது சொற்பம். சர்க்கரைச் சங்கிலி உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ளும் கான்-ஏ (கான்கனாவலின் ஏ) என்ற புரதம் ஏற்றிய செஃபரோஸ் மணி நிரலில் விட்டேன்; அந்தச் சொற்பமும் ஒட்டாமல் வழிந்துவிட்டது. மூன்று முறையும் இதே கதை. நொதி செத்துவிட்டதா?

பழையபஃபர்:
இழவு சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. ஒப்பிட்டுக் கழிப்பதற்கான வெற்றுக் குழாயில் (பிளாங்க்) என்ன வைத்தீர்கள்?

முளைப்பயறு:
பஃபரும் சுக்ரோஸும் மட்டும்.

பழையபஃபர்:
நினைத்தேன். நாற்றின் சாற்றிலேயே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, மெர்காப்டோஎத்தனாலும் தாமிரத்தை ஒடுக்கும். எல்லாம் சிறு மூலக்கூறுகள். டயாலிசிஸ் பையைவிட்டு வெளியேறிவிடும். உங்களிடமிருந்து போனது பெரும்பாலும் பொய் நிறம். கொதிக்கவைத்த சாற்றோடு ஒரு குழாய் வைத்துப் பாருங்கள்.

முளைப்பயறு:
பார்த்தேன். கொதித்த சாறும் ஏறக்குறைய அதே நிறம்! மூன்று வாரம் வீண். ஆனால் உண்மையான நொதி எங்கே?

நிரல்காவலர்:
பிஎச் 7.2இல் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அமில இன்வர்டேஸுக்குப் பிஎச் 5 வாக்கில்தான் சுறுசுறுப்பு. 7.2இல் முக்கியமாகக் கண்ணில் படுவது நடுநிலை இன்வர்டேஸ். அது சர்க்கரைச் சங்கிலி ஒட்டாத புரதம் என்பதால் கான்-ஏ அதைப் பிடிக்காது. வழிந்ததை எறிந்துவிடாமல், அசிட்டேட் பஃபரில் பிஎச் 5இல் அளந்து பாருங்கள்.

முளைப்பயறு:
வழிந்ததில் பிஎச் 5இல் நல்ல செயல்திறன் இருக்கிறது, கொதித்த குழாயைக் கழித்த பிறகும். அப்படியென்றால் அமில இன்வர்டேஸும் ஒட்டவில்லையே?

நிரல்காவலர்:
இடிடிஏதான் குற்றவாளி. கான்-ஏ சர்க்கரையைப் பிடிக்கக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். இடிடிஏ இரண்டையும் பிடுங்கிக்கொள்ளும். அந்த உலோக உப்புகளோடு 0.5 மோலார் சோடியம் குளோரைடும் சேர்த்து நிரலைச் சமநிலைப்படுத்துங்கள். பாஸ்பேட் வேண்டாம், கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். டிரிஸ் பஃபர் என்று கை போகும்; அது இன்வர்டேஸையே தடுக்கும். ஹெப்பெஸ் பஃபர், பிஎச் 7 போதும். ஒட்டிய நொதியை நிரலிலிருந்து இறக்குவதற்கு மெத்தில் மன்னோசைடு: அது ஒடுக்கும் சர்க்கரை அல்ல, அளவீட்டைக் கெடுக்காது. வெறும் மன்னோஸைக் கொட்டினீர்களானால் மறுபடி பொய் நிறம்தான்.

முளைப்பயறு:
ஒட்டியது! மன்னோசைடில் இறங்கியும் வந்தது. இது இன்வர்டேஸ்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

பழையபஃபர்:
சுக்ரோஸுக்குப் பதிலாக ரஃபினோஸ், மெலெசிடோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளையும் தனித்தனியே கொடுத்துப் பாருங்கள். ஃபிரக்டோஸ் பக்கம் பிளக்கும் நொதியானால் முதலாவது உடையும், இரண்டாவது அப்படியே நிற்கும். மெலெசிடோஸ் உடைந்தால், குளுக்கோஸ் பக்கம் பிளக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதி கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இந்த முறை கொதித்த குழாயை மறக்காதீர்கள்.