வோட்டர் ஐடி இல்லாத பெயிண்டருக்கு கேட் பாஸ் கிடையாதா?

மாதவரம் மேஸ்திரி:
வியாசர்பாடியில் ஒரு அரசுக் கட்டடத்துக்கு பெயிண்டிங் சப் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். மொத்தம் 14 பேர். திங்கட்கிழமை மெயின் காண்ட்ராக்டரின் ஆள் வந்து, "வோட்டர் ஐடி ஜெராக்ஸ் கொடுக்காதவங்களுக்கு கேட் பாஸ் இல்ல" என்றார். 13 பேர் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒருவர், 11 வருஷமாக என்னோடு இருப்பவர். சாரத்தில் நின்று பட்டி பார்க்க அவரைப் போல ஆள் கிடையாது. புழல் காவாங்கரை முகாமில் இருக்கிறார். அப்பா, அம்மா 1990இல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். இவர் பிறந்தது 1993இல், இங்கேதான். ஆதார் உண்டு, பேங்க் கணக்கு உண்டு, முகாம் அட்டை உண்டு. வோட்டர் ஐடிக்கு எங்கே போவார்? "நான் வேற எடம் பாத்துக்கறேன்ணே" என்று பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. என்ன செய்யலாம்?

கொருக்குப்பேட்டை:
வேற யாராவது கார்டைக் கொடுத்து உள்ளே அனுப்புங்க. யார் பார்க்கப் போறாங்க?

மாதவரம் மேஸ்திரி:
வேண்டாம் தம்பி. சாரத்திலிருந்து விழுந்தால் யார் பெயரில் இ.எஸ்.ஐ. பார்ப்பது? நஷ்ட ஈடு யார் வீட்டுக்குப் போகும்?

மணலி கேட் பாஸ்:
கேட் பாஸ் கொடுக்கும் வேலையிலேயே இருந்தவன் சொல்கிறேன். ஆள் யார் என்று பார்க்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. அவரிடம் இருக்கவே முடியாத அட்டையைக் கேட்கிறார்கள். அவர் ஒளிந்து வாழவில்லையே, அரசாங்கமே பதிவு செய்து வைத்திருக்கும் ஆள். டெண்டரில் வோட்டர் ஐடி என்றுதான் எழுதியிருக்கிறதா, அடையாளச் சான்று என்றா? எழுத்தில் கேளுங்கள். ஆதாரின் க்யூஆர் கோடை அங்கேயே ஸ்கேன் செய்து காட்டுங்கள்.

ராயபுரம் அக்கா:
என் தம்பி அமெரிக்காவில் கட்டட வேலை சூப்பர்வைசர். அங்கே மத்திய அரசு காண்ட்ராக்ட் பலவற்றில் 2009லிருந்து இ-வெரிஃபை கட்டாயம், அதாவது ஆளுக்கு அங்கே வேலை செய்ய உரிமை உண்டா என்று அரசுப் பதிவுகளோடு ஆன்லைனில் ஒத்துப்பார்ப்பது. ஆனால் அதற்கான அரசுப் பட்டியலில் உள்ளதில் எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது தொழிலாளி இஷ்டம், முதலாளி இதுதான் வேண்டும் என்று கேட்கக் கூடாது. விவரம் ஒத்துப்போகவில்லை என்று வந்தால், சரிசெய்யப் போக 8 வேலை நாள் தருகிறார்கள். அந்தக் காரணம் காட்டி அதுவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. உங்கள் ஆளுக்கு ஒரு நாள்கூடத் தரவில்லையே அண்ணா.

மாதவரம் மேஸ்திரி:
கடிதம் எழுதி, முகாம் அட்டை நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். டெண்டர் பேப்பரைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அப்புறம் காவாங்கரைக்கு நேரில் போனேன். நாளை திருவொற்றியூரில் ஒரு வீட்டு வேலை இருக்கிறது, பதில் வரும்வரை அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். அவருடைய பிரஷ் என்னிடம்தான் இருக்கிறது.