மறு: ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் - மோதலா, மறைப்பா?

> அட்டவணைகளை இணைக்கும்போது ஒரே பெயரில் பல நிரல்கள் (நெடுவரிசைகள்) வருவதைப் 'பெயர் மோதல்' எனலாமா? மட்டக்களப்பு வகுப்புக் கையேட்டில் சேர்க்க வேண்டும்.

அன்பின் சேர்,

'மோதல்' சொல்ல இலகு. ஆனால் மோதினால் சத்தம் கேட்க வேண்டும். இங்கே சத்தமே இல்லாமல் ஒரு பெறுமதி காணாமல் போகிறது.

நம் ஊர்க் கணக்கையே எடுங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு, மேற்கே படுவான்கரையில் வயல் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்! விவசாயி அட்டவணையில் வீட்டு ஊருக்கு ஓர் எண், வயல் ஊருக்கு ஓர் எண். இரண்டும் ஊர் அட்டவணையைத்தான் சுட்டும். அதை இரு தடவை இணைத்து, எல்லா நிரல்களையும் கேட்கும் செலக்ட் ஸ்டார் போட்டால் ஆளின் பெயர், வீட்டு ஊர், வயல் ஊர் மூன்றும் 'பெயர்' என்ற தலைப்பிலேயே வரும். தரவுத்தளம் மூன்றையும் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. பிஎச்பி மொழியில் நிரற்பெயரைச் சாவியாக வைத்து எடுக்கும்போதுதான் கடைசியாக வந்தது முன்னையவற்றை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. களுவாஞ்சிக்குடிக் கந்தசாமிக்குப் 'பெயர்: வெல்லாவெளி' என்று மட்டும் மிஞ்சும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. உர மானியப் பட்டியல் இப்படி அச்சானால் யாரைக் கூப்பிட்டுக் கொடுப்பது?

இதற்கு 'மேலெழுதல்' என்று நம் குழுவில் தங்கச்சி ஒருவர் எழுதியிருந்தார். பிஎச்பிக்கு அது பொருந்தும். ஜாவா மொழி தரவுத்தளத்தோடு பேச உதவும் ஜேடிபிசியில் கதை தலைகீழ்: பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பெயருள்ள முதல் நிரலின் பெறுமதிதான் கிடைக்கும். பின்னால் உள்ளவை அழிவதில்லை, எத்தனையாவது நிரல் என்ற இடவெண் கொடுத்து எடுக்கலாம். இரண்டிலும் பொதுவாக நடப்பது, ஒன்று மற்றதை மறைப்பது. அதனால் 'பெயர் மறைப்பு' என்பதே என் முன்மொழிவு.

வினவலின் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியின்) நிபந்தனையில் வெறுமனே 'பெயர்' என்று எழுதினால் எந்த அட்டவணையின் பெயர் என்று தெரியாமல் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 1052 என்ற பிழையோடு நின்றுவிடும். அது வேறு சங்கதி. அதற்குப் 'பெயர் மயக்கம்' வைக்கலாம். இலக்கணத்தில் உருபு மயக்கம் படித்த பிள்ளைகளுக்குப் புதிதாக இராது.

தீர்வுக்கு 'மாற்றுப்பெயர்' (ஏலியஸ்) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். ஆனால் 'அட்டவணை மாற்றுப்பெயர்', 'நிரல் மாற்றுப்பெயர்' என்று பிரித்தே எழுதுங்கள். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஊர் அட்டவணையை இரு தடவை இணைக்க அட்டவணை மாற்றுப்பெயர் கட்டாயம். அது இல்லாவிட்டால் வினவலே ஓடாது. ஆனால் அதை இட்டதால் மட்டும் விடையின் தலைப்பு மாறாது, 'பெயர்' பெயராகவே இருக்கும். நிரலுக்கும் 'வீட்டூர்', 'வயலூர்' என்று தனித்தனியே இட்டால்தான் மறைப்பு நீங்கும்.

தமிழ்நாட்டு நண்பர்கள் 'நிரல்' என்றால் புரோகிராம் என்று எடுப்பார்கள்தான். ஆனால் நம் பிள்ளைகள் கணிதத்தில் நிரை, நிரல் படித்து வருபவர்கள், அவர்களுக்காக இதையே வைத்துக்கொள்வோம்.

---

தம்பி, 'மறைப்பு' சரி, கையேட்டில் போடுகிறேன். 'மயக்கம்' என்றால் வகுப்பில் தலைச்சுற்று என்றுதான் முதலில் எடுப்பார்கள். 'பெயர் ஐயம்' எப்படி? மற்றவர்களும் சொல்லுங்கள். வீட்டூர், வயலூர் உதாரணத்தை அப்படியே பயிற்சியாக வைக்கிறேன்.