குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மாவின் புதுப் புகைப்படம்

அக்கா: பெரியம்மா, படத்தில் இருப்பது நீங்களா? யாரோ என்று நினைத்துவிட்டேன். தலைக்கு டை போடவில்லையா?

பெரியம்மா: நாலு மாதமாக இல்லை. காதோரம் அரித்து அரித்துப் புண்ணாகிவிட்டது. டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம்தான் காரணமாம். இருபது வருடம் ஒத்துக்கொண்டது, திடீரென்று ஒத்துக்கொள்ளாமலும் போகுமாம்.

மாமா: கறுப்பு ஹென்னா போடலாமே அக்கா.

பெரியம்மா: கறுப்பு என்று விற்பதில் பலவற்றில் அதே பிபிடிதான்டா.

அத்தை: இருந்தாலும் அண்ணி, பத்து வயது கூடத் தெரிகிறதே. முன்பெல்லாம் உங்கள் வயதே தெரியாது.

பெரியம்மா: கூட எல்லாம் இல்லை. 61. அதுதான் தெரிகிறது.

சித்தி: நரையை விடுங்கள் அக்கா. எனக்கு ராத்திரியில் உடம்பு கொதித்து நைட்டியே நனைந்துபோகிறது. எழுந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் இவர் தெர்மாமீட்டரோடு வருகிறார் 😂

மாமா: இதெல்லாம் பொதுக் குழுவில் எதற்கு?

பெரியம்மா: யாரும் சொல்லாததால்தான் நான் இதயத்தில் கோளாறு என்று பயந்து ஈசிஜி எடுத்தேன். எடுத்தது தப்பில்லை. ஆனால் மாதவிடாய் நிற்கும் சமயத்தில் படபடப்பும் வரும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். நம் அம்மாவும் ராத்திரியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து பேசாமல் படுத்துக்கொள்வாள்.

சித்தி: அம்மாவா? எனக்குத் தெரியவே தெரியாதே.

பெரியம்மா: நீ சின்னப் பெண். எனக்கும் அப்போது புரியவில்லை.

அக்கா: சித்தி, உங்களுக்கு நின்றுவிட்டதா?

சித்தி: ஏழு மாதமாக வரவில்லை.

பெரியம்மா: தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு. அதற்கு அப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் போய்விடு, தள்ளிப்போடாதே. எலும்பையும் கவனி. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்ததும் முதல் சில வருடங்களில் அது வேகமாகத் தேயும். நான் தண்ணீர் பாட்டிலை எடை மாதிரித் தூக்கிக்கொண்டிருக்கிறேன். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

சித்தி: சரி அக்கா. ராத்திரி போன் செய்தால் எடுப்பீர்களா?

பெரியம்மா: எடுக்கிறேன். இப்போதெல்லாம் எனக்கும் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.

அத்தை: அண்ணி, டையை ஒரேயடியாக விட்டீர்களா, கொஞ்சம் கொஞ்சமாகவா? சும்மாதான் கேட்கிறேன்.

பெரியம்மா: ஒரேயடியாகத்தான். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரிது. முதல் இரண்டு மாதம் தலை வரிக்குதிரை மாதிரி இருந்தது. அப்புறம் பொறுக்க முடியாமல் கட்டையாக வெட்டிக்கொண்டேன்.

அத்தை: அந்த வரிக்குதிரைப் படம் இருந்தால் எனக்கு மட்டும் அனுப்புங்கள்.

மாமா: இது பொதுக் குழு 😄