போல்ட் இணைப்பில் முதலில் எது விட்டுக்கொடுக்கிறது? உங்கள் அனுபவம்

ஆய்வகப் பணியாளர்:
மாணவர்களுக்கு நான் தவறாமல் செய்துகாட்டும் சோதனை ஒன்று உண்டு. 6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே ஒரு எம்16 (16 மி.மீ. விட்டம்) போல்ட் போட்டு எந்திரத்தில் இழுப்போம். துளையின் மையத்திலிருந்து தகட்டின் நுனி 30 மி.மீ. தூரம். முதலில் 4.6 என்ற குறைந்த வலுத் தர போல்ட். 40 கிலோநியூட்டன் அளவில் 'டப்' என்று வெட்டுப்பட்டுவிடும். தகட்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அடுத்து, அதே அளவுத் தகடுகளில், ஏறக்குறைய இருமடங்கு வலுவுள்ள 8.8 தர போல்ட். இப்போது துளை முட்டை வடிவில் நீளும், போல்ட்டுக்கு முன்னால் தகடு புடைத்துக் குவியும், கடைசியில் நுனி கிழியும். அதுவரை பல மில்லிமீட்டர் நகர்ந்தும் சுமையை விடாது. எனக்கு இந்த இரண்டாவது முறிவுதான் வேண்டும். கட்டடத்தில் இருப்பவர்களுக்கு ஓடித் தப்ப நேரம் கொடுப்பது தகடுதான், போல்ட் அல்ல.

தள மேற்பார்வையாளர்:
உடைந்த இணைப்புகளைவிட வழுக்கிய இணைப்புகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கிரேன் ஓடும் கர்டர் (எஃகு உத்தரம்) ஒன்றில், போல்ட் இறுக்கத்தால் தகடுகளுக்கு இடையே எழும் உராய்வே சுமையைத் தாங்கும் என்று நம்பி எம்20, 8.8 போல்ட்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 137 கிலோநியூட்டன் இழுவிசை ஏற்ற வேண்டும். மணல்வீச்சில் சுத்தம் செய்த பரப்பில் உராய்வுக் கெழு 0.5 கிடைத்தால், ஒரு போல்ட் வழுக்காமல் தாங்குவது சுமார் 68 கிலோநியூட்டன். ஆனால் உள்முகங்களுக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். 0.2 என்று தாராளமாக வைத்தாலும் 27தான்! கிரேன் போகும்போதெல்லாம் சத்தம். துளையின் 2 மி.மீ. இடைவெளிக்குள் தகடுகள் முன்னும் பின்னும் நகர்ந்து மரைகளைத் தேய்த்திருந்தன.

குறித்த முறுக்குவிசை வந்ததும் 'கிளிக்' என்னும் டார்க் ரெஞ்சை மட்டும் நம்பாதீர்கள். மழையில் துருவேறிய மரைக்கும் எண்ணெய் பூசிய மரைக்கும் அது ஒரே முறுக்கில்தான் சத்தமிடும். துருவேறியதில் முறுக்கின் பெரும்பங்கை உராய்வே தின்றுவிடும். தகடுகள் நன்றாகப் படியும்வரை இறுக்கி, நட்டில் கோடு போட்டு, அங்கிருந்து குறித்த அளவு திருப்பும் முறையே எனக்குப் பிடிக்கும்.

பாலப் பொறியாளர்:
வலுக் கூடினால் நல்லது என்று யாராவது சொன்னால், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ - ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தைக் காட்டுவேன். 2008இல் பொருத்திய, கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) உயர்வலு நங்கூரக் கம்பிகள். குழிகளில் நீர் தேங்கிக் கிடந்தது. 2013 மார்ச்சில் இழுத்து இறுக்கிய இரண்டு வாரத்துக்குள் 96இல் 32 முறிந்தன. எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையாக்கிய ஹைட்ரஜனே காரணம்; வலுக் கூடிய எஃகுக்கே இந்த ஆபத்து அதிகம். அவற்றின் வேலையைப் பிறகு எஃகுச் சேணமும் இழுவடங்களும் ஏற்றன. எங்கள் பணியிலும் இறுக்கிய மறுநாளே சான்று கேட்கிறார்கள். உயர்வலு போல்ட் என்றால் சில வாரம் விட்டு, ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.